வார்டில் வாஷ்பேசின் எங்கே இருக்கிறது?

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் சொன்னார்கள். நான்காம் நாள் காலையில் காய்ச்சல், தையல் போட்ட இடம் சிவந்து லேசாக நீர் கசிய ஆரம்பித்திருந்தது, அதற்கப்புறம் ஒன்பது இரவு அந்தப் பொது வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். தூக்கம் வராதபோது ஏதாவது ஒன்றை எண்ணிக்கொண்டிருப்போம் இல்லையா, நான் நடக்கும் எட்டுகளை எண்ணினேன். அப்பாவின் கட்டிலிலிருந்து வாஷ்பேசினுக்கு 20 எட்டு. 30 கட்டிலுக்கும் சேர்த்து அது ஒன்றுதான். சிஸ்டர் கை கழுவியதும் அதில்தான், நாங்கள் டிபன் பாத்திரம் கழுவி, மிச்சக் காபியைக் கொட்டியதும் அதில்தான்.

அப்போது எனக்குக் கோபம் முழுக்க ஆட்கள் மேல்தான் இருந்தது. யார் கை கழுவாமல் தொட்டார்கள், யார் டிரெஸ்ஸிங்கைச் சரியாகச் செய்யவில்லை என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தபின் மருத்துவமனையில் வரும் தொற்றைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, ஆட்களைக் கேட்பதற்கு முன்னால் அந்தக் கட்டடத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. அதை எனக்குப் புரிந்த மாதிரி, முதல் தடவை படிப்பவர்களுக்காக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இந்தத் தொற்று என்பது என்ன? ஒருவர் மருத்துவமனைக்கு வரும்போது அவர் உடம்பில் இல்லாத, வளரும் நிலையில்கூட இல்லாத ஒரு தொற்று, சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டினால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் தொற்றியது என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆபரேஷன் புண்ணில் என்றால் 30 நாள் வரை, உள்ளே பிளேட், செயற்கை மூட்டு மாதிரி எதையாவது பொருத்தியிருந்தால் 90 நாள் வரைகூடப் பார்ப்பார்கள். அதிகம் வருவது நான்கு இடங்களில்: யூரின் ட்யூப் போட்டவர்களுக்குச் சிறுநீரில், பெரிய ரத்தக்குழாயில் மருந்து ஏற்ற லைன் போட்டவர்களுக்கு ரத்தத்தில், வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு நுரையீரலில், அப்புறம் ஆபரேஷன் புண்ணில். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன கணக்கு இது: மருத்துவமனையில் சேரும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் ஒரு தொற்றாவது உள்ளேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஏழில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால், அப்பா இருந்த வார்டின் 30 கட்டிலில் நான்கு. அந்த நான்கில் ஒன்று எங்களுடையது.

கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழிகள் அதிகமில்லை. கை வழியாக, தொட்ட பொருள் வழியாக. இருமும்போது தெறிக்கும் துளி வழியாக, இது ஒன்றிரண்டு மீட்டருக்குள் பெரும்பாலும் விழுந்துவிடும். காற்று வழியாக, காசநோய், தட்டம்மை, சின்னம்மை மாதிரி. தண்ணீர் வழியாக. ஒவ்வொரு வழிக்கும் கட்டடத்தில் ஒரு பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வார்டு வடிவமைப்பு என்பதன் அடிப்படை.

கையிலிருந்தே தொடங்குவோம். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பகுதியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அங்கே இரண்டு பிரிவுகள். ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பார்த்த பிரிவில்தான் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் அதிகம் இறந்தார்கள், அந்தப் பிரிவில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று பெண்கள் கெஞ்சும் அளவுக்கு. டாக்டர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு நேராகப் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவியபின்தான் வார்டுக்குள் வர வேண்டும் என்று சட்டம் போட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு இறங்கியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ‘ஆகவே கை கழுவுங்கள்’ என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியமாகப் படுகிறது, எங்கே கழுவுவது? ஒரு சிஸ்டரிடம் 10 நோயாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள் (நம் ஊரில் 10 என்பதே குறைவு). ஒரு ஷிப்டில் ஒவ்வொருவரையும் நான்கு தடவை தொடுகிறார், தொடுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று பார்த்தால் 80 தடவை கை கழுவ வேண்டும். சோப்புப் போட்டு முறையாகக் கழுவ 40 முதல் 60 நொடி ஆகும், அதுவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் போகும். அதோடு என் 20 எட்டையும் சேருங்கள். போக 20, வர 20, 80 தடவைக்கு 3,200 எட்டு. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல், கை கழுவ மட்டும். எவ்வளவு நல்ல மனசு உள்ள சிஸ்டராலும் இது முடியாது, முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று அவரைத் திட்டுவதில் நியாயமே இல்லை. அந்த ஒன்பது இரவும் நான் மனசுக்குள் திட்டியதற்கு இப்போது உண்மையாகவே வருந்துகிறேன்.

இதற்கான தீர்வு பெரிய செலவுள்ளதுகூட இல்லை. ஆல்கஹால் கலந்த ஹேண்ட் ரப் பாட்டிலை ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் மாட்டிவைத்தால் 20, 30 நொடியில் நடக்காமலே வேலை முடியும். கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் சோப்பும் தண்ணீரும் வேண்டும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமிக்கும் அப்படித்தான், அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. ஆகவே பாட்டில் கட்டிலருகில், வாஷ்பேசின் வார்டுக்குள் நுழையும் இடத்திலும் நடு நடுவிலும் என்று இரண்டும் வேண்டும்.

ஆனால் வாஷ்பேசினைச் சும்மா கூட்டிக்கொண்டே போனால் போதுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கனடாவின் டொரொன்டோ நகரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 2004 கடைசியிலிருந்து 2006 தொடக்கம் வரை, மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் என்ற கிருமி 36 நோயாளிகளிடம் பரவியது. எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனவர்கள் கடைசியில் கை கழுவும் தொட்டியில் போய் நின்றார்கள். வடிகால் குழாய்க்குள் கிருமிகள் பாசி மாதிரி ஒரு படலமாக ஒட்டி வளர்ந்திருந்தன, குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக வடிகால் ஓட்டையில் விழுந்து, அங்கிருந்து தெறித்தது. ஒளிரும் சாயத்தை ஊற்றிப் பார்த்தபோது ஒரு மீட்டர் தூரம் வரை துளிகள் போயிருந்தன, அதாவது பக்கத்தில் மருந்து கலக்கும் மேடை வரைக்கும். தொட்டிகளைத் திருத்தி அமைத்த பிறகுதான் அந்தப் பரவல் நின்றது.

அதனால் வாஷ்பேசின் ஆழமாக இருக்க வேண்டும், குழாய் நீர் ஓட்டையின் மேல் நேராக விழக்கூடாது, மருந்து தயாரிக்கும் இடமும் நோயாளியின் தலைமாடும் அதிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இன்னொன்று, நாம் எல்லோரும் செய்யும் தப்பு: மிச்சக் காபி, பால், ஜூஸ், மீதி க்ளூக்கோஸ் எல்லாவற்றையும் கை கழுவும் தொட்டியில் கொட்டுகிறோமே, அது உள்ளே இருக்கும் படலத்துக்குப் போடும் சாப்பாடு. நான் ஒன்பது நாளும் அதைச் செய்தேன். வேறு இடம் அங்கே இல்லை. பாத்திரம் கழுவத் தனி இடம் கட்டித் தராத வார்டில், ‘இங்கே பாத்திரம் கழுவாதீர்கள்’ என்று பலகை மட்டும் மாட்டி என்ன ஆகப்போகிறது?

சரி, காற்றுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கிரிமியப் போர் நேரத்தில், 1854 நவம்பரில், ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் துருக்கியில் ஸ்கூட்டாரி என்ற இடத்தில் இருந்த ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அது மருத்துவமனைக்காகக் கட்டிய இடமே இல்லை, படைவீரர்கள் தங்கும் பாரக்ஸ், அடியில் அடைத்துக்கொண்ட சாக்கடை. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 42 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காயத்தால் இல்லை, உள்ளே வந்த நோயால். மார்ச்சில் சுகாதாரக் குழு ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்து சாக்கடையைச் சுத்தப்படுத்தியது, காற்றோட்டம் ஏற்படுத்தியது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஜூன் மாதத்தில் சாவு 100-க்கு 2 அளவுக்கு வந்துவிட்டது. அந்த அனுபவம்தான் நைட்டிங்கேலைக் கட்டடம் பக்கம் திருப்பியது. அவர் விரும்பிய வார்டு நீளமான ஒரே கூடம், சுமார் 30 அடி அகலம், 30 கட்டில் போல, உயரமான கூரை, இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிரே உயரமான ஜன்னல்கள், இரண்டு கட்டிலுக்கு ஒரு ஜன்னலாவது. கழிவறை வார்டின் கடைசியில், தனியாக. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை 1871-இல் இந்த மாதிரியில்தான் திறக்கப்பட்டது, பிரிட்டிஷ் ஆட்சி இருந்த ஊர்களில் இதே பாணி பரவியது. நம் ஊர்ப் பழைய அரசு மருத்துவமனைகளில் உயரக் கூரையும் நெடிய ஜன்னலுமாக ஒரு கூடம் பார்த்திருப்பீர்களே, அது இந்தக் குடும்பம்தான்.

இதில் என்னை நெகிழவைப்பது என்னவென்றால், அப்போது அவர் நம்பியது கெட்ட காற்றுதான் நோய் தருகிறது என்ற பழைய கருத்தை. கிருமிகளைப் பற்றிய அறிவு இன்னும் வேரூன்றவில்லை. ஆனாலும் யார் எந்த மாதத்தில் எதனால் இறந்தார்கள் என்று அவர் கணக்கு எழுதிக்கொண்டே வந்தார், அந்தக் கணக்கு அவரைச் சரியான ஜன்னலுக்குக் கொண்டுபோய் விட்டது.

காற்றோட்டத்தை எப்படி அளப்பது? ஒரு அறையில் உள்ள மொத்தக் காற்றின் அளவுக்குச் சமமான புதுக் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை உள்ளே வருகிறது என்று பார்ப்பார்கள், அதைக் காற்று மாற்றம் என்று சொல்லலாம். ஒரு தடவை மாறினால் பழைய காற்று எல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் உள்ள தொட்டியில் மேலிருந்து நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டு நிரம்பி வழியவிட்டால், ஒரு தொட்டித் தண்ணீர் விட்ட பிறகும் உப்புக் கரிக்கும் இல்லையா, கலந்துகொண்டேதான் குறையும். அது மாதிரிதான். மணிக்கு 12 தடவை மாறினால், காற்றில் மிதக்கும் கிருமியில் 99 சதவீதம் போக 23 நிமிடம். 6 தடவை என்றால் 46 நிமிடம். 2 தடவை என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல்.

இந்த எண்களை மனசில் வைத்துக்கொண்டு பெரு நாட்டின் லிமாவுக்குப் போகலாம். அங்கே 8 மருத்துவமனைகளில் 70 அறைகளில், உள்ளே கரியமில வாயுவைத் திறந்துவிட்டு அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்தார்கள், முடிவு 2007-இல் வெளியானது. ஜன்னலும் கதவும் திறந்திருந்தால் நடுத்தரமாக மணிக்கு 28 காற்று மாற்றம். மூடிவைத்தால் அதில் பதினெட்டில் ஒரு பங்கு. காசநோய்த் தொற்றைத் தடுப்பதற்கென்றே இயந்திரம் வைத்துக் கட்டிய தனி அறைகளுக்கு விதி 12 தான். ஜன்னல் திறந்த அறைகளிலேயே 50 வருடத்துக்கு முன் கட்டிய, உயரக் கூரையும் பெரிய ஜன்னலும் உள்ளவற்றில் 40, புதிதாகக் கட்டியவற்றில் 17. தாத்தா காலத்துக் கட்டடம் பேரன் காலத்துக் கட்டடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் மூச்சு விடுகிறது! நாம் ‘பழசு’ என்று இடித்துவிட்டு, தாழ்ந்த கூரையும் திறக்க முடியாத கண்ணாடியுமாகக் கட்டுகிற ஒவ்வொரு தடவையும் இதைத்தான் தொலைக்கிறோம்.

ஏசி இருக்கிறதே என்பார்கள். சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி அறையில் இருக்கும் காற்றையேதான் இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது, வெளியிலிருந்து புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. குளிர்ச்சி வேறு, காற்றோட்டம் வேறு. கிளினிக்குகளில் ஏசி போட்டுக் கதவைச் சாத்தி 20 பேரை உட்காரவைக்கும் காத்திருப்பு அறையை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, இருமிக்கொண்டிருப்பவரும் கர்ப்பிணியும் அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பெரிய மருத்துவமனைகளில் புதுக் காற்றைச் சேர்த்து வடிகட்டி அனுப்பும் அமைப்பு உண்டு, காசநோய் அறையில் காற்று உள்ளே மட்டும் போகுமாறும், ஆபரேஷன் தியேட்டரில் வெளியே மட்டும் தள்ளுமாறும் அழுத்தத்தை மாற்றிவைப்பார்கள். அது நன்றாகப் பராமரித்தால் நல்லதுதான். கரண்ட் போனாலும் ஃபில்டர் அடைத்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஜன்னலுக்கும் குறை இருக்கிறது: காற்றே இல்லாத நாள், கொசு, மழை. வலை போட்டால் காற்று கொஞ்சம் குறையும், டெங்கு உள்ள ஊரில் வலை இல்லாமலும் முடியாது. அதனால்தான் ஜன்னலை எதிரெதிர்ச் சுவரில் பெரிதாக வைக்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, சாதாரண வார்டில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று, காற்றில் பரவும் நோய் உள்ளவர் இருந்தால் 160 லிட்டர்.

சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்கள் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயரைக் கவனித்திருப்பார்கள், சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். மருந்தே இல்லாத காலத்தில் திறந்த வெளியும் நல்ல காற்றும் ஓய்வும்தான் சிகிச்சை. பிறகு 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு உலகத்தின் எண்ணத்தையே மாற்றியது: மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால், நெருக்கமான ஏழை வீட்டில் இருந்தபடி சிகிச்சை பெற்றவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமானார்கள், வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. வார்டு வடிவமைப்பைப் பற்றிப் பேசும்போது இதை நான் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தேவையில்லாமல் ஒருவரை ஒரு நாள்கூடக் கட்டிலில் வைத்திருக்காமல் இருப்பதும் தொற்றுத் தடுப்புதான்.

இடைவெளி பற்றிக் கொஞ்சம். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் குறைந்தது ஒரு மீட்டர் என்பது அடிப்படை. அந்த ஒரு மீட்டரில் ட்ரிப்ஸ் ஸ்டாண்டும் ஸ்டூலும் என் பாயும் வந்துவிட்டால் சிஸ்டர் எங்கே நிற்பார்? ஒவ்வொருவருக்கும் தனி அறை என்பதற்குப் பலன் உண்டு, கனடாவில் மான்ட்ரியலில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவைத் தனி அறைகளாக மாற்றியபோது மருத்துவமனைகளில் பரவும் முக்கியமான சில கிருமிகள் தொற்றுவது பாதிக்கும் மேல், 54 சதவீதம் குறைந்தது. ஆனால் சிஸ்டர்கள் குறைவாக உள்ள வார்டில் தனி அறை என்றால் உள்ளே ஒருவருக்கு மூச்சுத் திணறினால் பார்க்க ஆள் இருக்காது. நான்கு, ஆறு கட்டிலாகத் தடுத்து, வார்டின் வாசலிலேயே கழிவறையோடு இரண்டு தனி அறை வைப்பதுதான் நமக்கு ஒத்துவரும் என்பது என் எண்ணம்.

துணைக்கு இருப்பவரை வடிவமைப்பாளர்கள் மறந்தே போகிறார்கள், இதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். நம் ஊரில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் எடுப்பது, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் பாதி அவர்தான். தென்கொரியாவிலும் குடும்பத்தார் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 2015-இல் மெர்ஸ் என்ற நோய் அங்கே மருத்துவமனைகளுக்குள் பரவி 186 பேருக்கு வந்தபோது, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளியைப் பார்க்க வந்தவர்களும் துணைக்கு இருந்தவர்களும். அதன் பிறகு புதிதாகக் கட்டும் மருத்துவமனைகளில் ஒரு அறைக்கு 4 கட்டிலுக்கு மேல் கூடாது, நடுவில் 1.5 மீட்டர் இருக்க வேண்டும் என்று அந்த நாட்டில் விதி மாறியது. நம் வார்டுகளில் துணைக்கு இருப்பவருக்கு ஒரு நாற்காலி, சாமான் வைக்க ஒரு அலமாரி, பாத்திரம் கழுவத் தனி இடம், தனிக் கழிவறை, இவ்வளவும் இருந்தால் அவர் நோயாளியின் கட்டிலில் உட்கார மாட்டார், தரையில் படுத்த கையோடு புண்ணைத் தொட மாட்டார்.

மேற்பரப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில கிருமிகள் காய்ந்த இடத்திலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் முன்பு அந்தக் கட்டிலில் இருந்தவரின் கிருமி அடுத்து வருபவருக்கு ஒட்டலாம். கட்டில் கம்பி, ஸ்விட்ச், கதவுக் கைப்பிடி, இந்த மூன்றும் தரையைவிட முக்கியம். தரையும் சுவரும் சேரும் மூலை வளைவாக இருந்தால் துடைக்க எளிது, டைல்ஸ் இடுக்குகள் குறைவாக இருப்பது நல்லது. ரெக்சின் கிழிந்த மெத்தையை எவ்வளவு துடைத்தாலும் சுத்தமாகாது, மாற்றத்தான் வேண்டும். துடைக்கும் தூய்மைப் பணியாளருக்குத் தண்ணீர்க் குழாயும் மாப் காயவைக்க இடமும் அதே மாடியில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரே அழுக்குத் தண்ணீரில் எட்டு அறை துடைப்பது பெரும்பாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாததால்தான்.

உங்களில் யாராவது சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் கட்டப் போகிறீர்கள், அல்லது உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது, நன்கொடையாளர் கூட்டத்துக்கு உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், முகப்புக் கண்ணாடியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வரைபடத்தை விரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் அருகில் உள்ள வாஷ்பேசினுக்கு எத்தனை எட்டு என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். எந்த ஜன்னல் திறக்கும், எது திறக்காது என்று கேளுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், தரை போட்டு முடித்தபின் கழிவுநீர்க் குழாயை ஒரு அடி நகர்த்தக்கூட மறுபடி உடைக்க வேண்டியிருக்கும்.